பாலாற்றங்கரையும் அரசின் வழக்குரையும்

1. முன்னுரை

ஆளும் அரசே வாதியாகவோ எதிர்வாதியாகவோ நீதிமன்றத்தின்முன் வந்து நிற்கும்பொழுது அதன்பொருட்டுப் பேசுவோர் யாவர், அவர் யாருடைய நலனைப் பேசுகின்றனர் என்னும் வினா எளியதுபோலத் தோன்றினும், வரலாற்றில் அதற்கு விடை ஒன்றாக இருந்ததில்லை. அவ்விடை காலந்தோறும் மாறிவந்த முறையினை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, ஆர்க்காடு ஆகிய ஊர்கள் அடங்கிய பாலாற்றங்கரைப் பகுதியை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பகுதியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. அரசு வழக்கு என்னும் பொருளில் இந்திய வரலாறு கண்ட தொடக்ககால வழக்குகளுள் ஒன்றும், அண்மைக்கால வழக்குகளுள் மிகப் புகழ்பெற்ற ஒன்றும் இம்மண்ணோடு தொடர்புடையன. முன்னது ஆர்க்காட்டு நவாபு இலண்டன் மாநகரில் ஆங்கிலக் கும்பினியின்மேல் தொடுத்தது. பின்னது வேலூர்க் குடிமக்கள் இந்தியப் பேரரசின்மீதும் பிறர்மீதும் புதுதில்லியில் தொடுத்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் அரசின் வழக்குரை மூன்று நிலைகளைக் கடந்து வந்துள்ளது என்பது நம் கருத்து. இறைமையைக் கேடயமாக்கிப் பேசிய நிலை ஒன்று. பிற வழக்காளிகளைப் போலவே பேசிய நிலை மற்றொன்று. வாயில்லாதார்க்கு வாயாக நின்று பேசும் நிலை மூன்றாவது. இம்மூன்றாம் நிலை பாலாற்றைப் பொறுத்தவரையில் எவ்வளவிற்கு நிறைவேறியது என்பதே நாம் முடிவிற் காண வேண்டுவது.

2. தமிழ் மரபில் அரசும் வழக்கும்

அரசனையே வழக்கிற்கு உட்பட்டவனாகக் காணும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் அரசன் ஒருவனே நீதிபதியாகவும் எதிர்வாதியாகவும் இருக்கின்றான். கண்ணகி வாதியாக வந்து தன் வழக்கைத் தானே உரைக்கின்றாள். அவள் காட்டும் சான்று பொருட்சான்று: சிலம்பினுள் இருப்பது முத்தோ மாணிக்கமோ என்பதே வழக்கின் முடிச்சு. பாண்டியன் தனக்காகப் பேச எவரையும் முன்னிறுத்தவில்லை. சான்று தனக்கு எதிரானது எனத் தெளிந்த அளவிலேயே தன் தவற்றைத் தானே ஏற்கின்றான். மனுநீதிச் சோழன் வரலாற்றிலோ வாதி பேசும் ஆற்றல் இல்லாத ஓர் ஆ. அரண்மனை மணியே அதன் வழக்குரை. அங்கும் அரசன் தன் குருதிக்கு ஒரு நீதி, குடிகளுக்கு ஒரு நீதி என்னாது தன் மகனையே குற்றவாளியாகக் கொண்டான்.

மதுரைக்காஞ்சி கூறும் அறங்கூறவையமும், சோழர் கல்வெட்டுகள் குறிக்கும் தன்மாசனமும் வழக்கு ஆராயும் அமைப்புகள் இருந்தமையைக் காட்டும். ஆயினும் அரசின் சார்பில் அவ்வமைப்புகளின்முன் நின்று வாதிடுதற்கென ஓர் அலுவலர் அமர்த்தப்பட்டிருந்தார் எனக் கொள்ள மேற்காட்டிய இலக்கியச் செய்திகளில் இடமில்லை. இலக்கியத்தில் அரசன் தனக்காகத் தானே விடையிறுக்கின்றான். தன் தவற்றை ஒப்புவதும் அவனே. பிற்காலத்தில் இவ்விரு செயலும் வேறொருவர் கைக்கு மாறின. அம்மாற்றத்தின் தொடக்கத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் காண்கின்றோம்.

3. கும்பினியும் நவாபும்

கிழக்கிந்தியக் கும்பினி வணிகக் குழுவாகப் பிறந்து அரசாக வளர்ந்தது. இவ்விரட்டைத் தன்மையே வழக்கு மன்றங்களுக்குப் பெருஞ் சிக்கலாயிற்று. வணிகனை வழக்கிற்கு இழுக்கலாம். வேந்தனை இழுத்தல் அரிது. கும்பினி இடத்திற்கேற்ப ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காட்டியது.

1785ஆம் ஆண்டில் இலண்டன் சான்சரி மன்றத்தின்முன் ஒரு வழக்கு வந்தது. சென்னை நகரத்து மக்களுக்கு வெற்றிலையும் புகையிலையும் விற்கும் உரிமையைக் கும்பினி பத்தாண்டுக் குத்தகையாகக் கொடுத்திருந்தது. காலம் முடியும் முன்னரே அதனைப் பறித்துப் பிறர்க்குக் கொடுத்துவிட்டது என்பது வழக்கு. வாதியின் பெயர் ஆங்கிலத் தீர்ப்பேட்டில் ‘மூடலை’ எனக் காணப்படுகின்றது. முதலியார் என்பதன் திரிபாக இதனைக் கொள்ளலாம். தனக்கு இறைமை உண்டு. ஆதலின் தன்மேல் வழக்கு நில்லாது என்று கும்பினி கூறியது. நீதிபதி கென்யன் அவ்வாதத்தை ஏற்கவில்லை. வணிகத்தில் இறங்கி ஒப்பந்தம் செய்துகொண்டவர் அவ்வொப்பந்தத்திற்கு விடை கூறுதல் வேண்டும் என்பது அவர் முடிபின் சாரம்.

இவ்வெற்றியைக் கண்டபின் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாசா தொடுத்த வழக்கினை நோக்குவோம். இன்றும் வாலாசாப்பேட்டை என்னும் ஊர் இவருடைய பட்டப் பெயரைத் தாங்கி நிற்கின்றது. போர்ச்செலவுகளுக்கும் கடன்களுக்குமாகக் கருநாடகத்து வரிவருவாயினை நவாபு கும்பினியிடம் ஒப்படைத்திருந்தார். அவ்வாறு தண்டப்பட்ட தொகைக்குக் கணக்குக் காட்டுமாறு கேட்பதே அவர் வழக்கு. கணக்குக் கேட்டல் சான்சரி மன்றத்தில் வணிகர் நாள்தோறும் செய்யும் செயலே ஆகும்.

1791ஆம் ஆண்டில் தர்லோ பிரபு கும்பினியின் முதல் தடையைத் தள்ளிவிட்டார். பட்டயத்தால் இறைமை பெற்றேம் என்பதொன்றே வழக்கினை நிறுத்தப் போதுமானதன்று என்றார். அந்நிலையில் நவாபு வெல்வார் என்றே தோன்றியது. ஆயின் 1793ஆம் ஆண்டில் மன்றம் வழக்கினைத் தள்ளுபடி செய்தது. நவாபும் கும்பினியும் செய்துகொண்டவை இரு வேந்தர்க்கிடையே நிகழ்ந்த அரசியல் உடன்படிக்கைகளே என்றும், அவற்றை உள்நாட்டு மன்றம் ஆராய்தற்கில்லை என்றும் தீர்ந்தது.

இத்தீர்ப்பின் நயம் கருதத்தக்கது. வெற்றிலைக் குத்தகை எடுத்தவர் குடிமகனாக இருந்தமையால் அவர் வழக்கு நின்றது. நவாபு வேந்தராக இருந்தமையால் அவர் வழக்கு வீழ்ந்தது. அவருடைய பெருமையே அவருக்குப் பகையாயிற்று. கும்பினியின் வழக்கறிஞர் கணக்குச் சரி என்று மெய்ப்பிக்க வேண்டிய தேவையே எழவில்லை; கணக்குக் கேட்கும் மன்றம் இதுவன்று எனக் கூறியதே போதுமானதாயிற்று.

இந்நெறி அரை நூற்றாண்டிற்குப் பின்னும் தொடர்ந்தது. தஞ்சை அரசர் சிவாசி 1855ஆம் ஆண்டில் ஆண் வழித்தோன்றல் இன்றி இறந்தபொழுது கும்பினி அவர் அரசோடு உடைமையையும் கைக்கொண்டது. அவர்தம் துணைவியார் காமாட்சிபாயி தனியுடைமையை மீட்கச் சென்னையில் வழக்குத் தொடுத்து வென்றார். ஆயினும் 1859ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பினை மாற்றிற்று. நிகழ்ந்தது அரசச் செயல். அதனை ஆராயும் உரிமை மன்றங்களுக்கு இல்லை என்பதே காரணம். ஆர்க்காட்டுக்கு நேர்ந்தது தஞ்சைக்கும் நேர்ந்தது. அரசின் வழக்குரை இறைமையைக் கேடயமாகக் கொண்ட முதல் நிலை இது.

4. அரசு வழக்காளியாதல்

1858ஆம் ஆண்டில் ஆட்சி கும்பினியிடமிருந்து முடியரசின் கைக்கு மாறியபொழுது, கும்பினியின்மேல் தொடுத்திருக்கக்கூடிய வழக்குகளை இந்திய அமைச்சர்மேல் தொடுக்கலாம் என அவ்வாண்டுச் சட்டம் விதித்தது. வணிகக் குழுவின் கடப்பாடு பேரரசின் தலையில் ஏறியது. அக்கடப்பாட்டின் எல்லையை வகுக்கும் பொறுப்பு மன்றங்களைச் சார்ந்தது.

1861ஆம் ஆண்டில் கல்கத்தா உச்ச நீதிமன்றம் விசாரித்த கப்பற் கும்பினி வழக்கு இதில் முதன்மையானது. கிதர்ப்பூர்க் கப்பற்கட்டுமிடத்தில் அரசுப் பணியாளர் இரும்புப் பொருள் ஒன்றினைக் கவனமின்றிக் கையாண்டமையால் ஒரு குதிரை காயமுற்றது. கப்பற் பணிமனை நடத்துதல் எவரும் செய்யக்கூடிய செயலே. ஆதலின் அரசு ஈடு செய்தல் வேண்டும் எனத் தலைமை நீதிபதி பீக்காக்கு தீர்ப்பளித்தார். இறைமைச் செயல், இறைமையல்லாச் செயல் என்னும் பாகுபாடு இவ்வழக்கினின்று வலுப்பெற்றது.

சென்னை உயர்நீதிமன்றம் 1882ஆம் ஆண்டில் இன்னும் ஒரு படி மேற்சென்றது. பம்பாயிலிருந்து மலையாளக் கரைக்குக் கப்பலில் உப்பு வந்துகொண்டிருந்தபொழுது தீர்வை உயர்த்தப்பட்டது. கூடுதல் தீர்வையைச் செலுத்திய அரிபாஞ்சி என்பார் அதனைத் திருப்பிக் கேட்டு வழக்காடினார். தீர்வை தண்டுதல் இறைமைச் செயலே எனினும், சட்டத்தின் பெயரால் செய்யப்பட்டதாக அரசு கூறும் எச்செயலையும் மன்றம் ஆராயலாம் என அங்கு நெறி கூறப்பட்டது. குடிகள்மேல் அரசு செய்வது அரசச் செயல் அன்று. அது சட்டச் செயல். சட்டச் செயலாயின் மன்றத்திற்கு அடங்கும். நவாபினை வீழ்த்திய வாதம் உள்நாட்டுக் குடிகளுக்கு எதிராகச் செல்லாது என்பதே இதன் பொருள்.

1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் இந்நிலையினை முறைப்படுத்தியது. அரசின் பெயரால் வழக்காடும் முறையை அதன் 79ஆம் பிரிவு கூறும். அரசின்மேல் வழக்குத் தொடுக்குமுன் இரண்டு திங்கள் அறிவிப்புத் தருதல் வேண்டும் என்பது 80ஆம் பிரிவு. அரசு தன் தவற்றினைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு அளித்தலே இதன் கருத்து. பாண்டியன் நொடிப்பொழுதிற் செய்ததனைச் செய்ய இக்கால அரசுக்கு இரு திங்கள் தரப்படுகின்றது எனலாம். இருபத்தேழாம் ஆணை அரசு வழக்குரைஞரை அரசின் முகவராக்கி, அழைப்பாணைகளை ஏற்கும் பொறுப்பினையும் அவருக்கு அளித்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம், அரசு ஒரு தரப்பாக உள்ள வழக்கில் இணக்கம் காண மன்றம் முயலவேண்டும் என்னும் விதியைச் சேர்த்தது.

அரசியலமைப்பின் 300ஆம் உறுப்பு நடுவணரசு ‘இந்திய ஒன்றியம்’ என்னும் பெயராலும், மாநில அரசு தன் மாநிலத்தின் பெயராலும் வழக்காடலாம் என்கின்றது. 165ஆம் உறுப்பு ஒவ்வொரு மாநிலத்திற்கும் ஓர் அரசுத் தலைமை வழக்குரைஞரை விதிக்கின்றது.

அரசு வழக்குரைஞர் வெறும் கூலிபெறும் வழக்கறிஞரா, அன்றிப் பொதுப்பணி ஏற்றவரா என்னும் கேள்விக்கு 1990ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் விடை கூறிற்று. உத்தரப்பிரதேச அரசு தன் மாவட்ட வழக்குரைஞர் அனைவரையும் ஒரே சுற்றறிக்கையால் நீக்கியது. சிறீலேகா வித்தியார்த்தி வழக்கில் மன்றம் அந்நீக்கத்தைச் செல்லாததாக்கியது. அரசு வழக்குரைஞர் பதவியிற் பொதுநலக் கூறு உண்டு. அதனை ஆள்வோர் விருப்பம்போல் ஆட்டிப்படைத்தல் கூடாது என்பது அதன் முடிபு. அரசின் குரலாக நிற்பவர் அன்றன்று ஆள்வோரின் குரல் மட்டும் அல்லர் என்னும் கருத்து இவ்வாறு நிலைபெற்றது.

5. பிறர்க்காகப் பேசும் அரசு

மேற்கண்ட இரு நிலைகளிலும் அரசு தனக்காகவே பேசியது. தாமே பேச இயலாதாருக்காக அரசு பேசும் மூன்றாம் நிலை அயல்நாட்டு மன்றங்களிலே தெளிவாகப் புலப்படுகின்றது. இரு எடுத்துக்காட்டுகளை நோக்குவோம்.

1984ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் போபால் நகரில் நச்சுவளி பரவிப் பல்லாயிரவர் கேடுற்றனர். 1985ஆம் ஆண்டில் இயற்றிய தனிச்சட்டத்தால், கேடுற்றோர் அனைவரையும் உரிமையியல் வழக்குகளில் சார்ந்து நிற்கும் முழுவுரிமையை இந்திய அரசு தானே ஏற்றது. தம்மைக் காத்துக்கொள்ள இயலாதார்க்கு நாடே பெற்றோர் என்னும் பழைய இலத்தீனக் கோட்பாடு அதற்கு அடிப்படை. அவ்வாண்டு ஏப்பிரலில் நியூயார்க்கு மன்றத்தில் யூனியன் கார்பைடு குழுமத்தின்மேல் அரசு வழக்குத் தொடுத்தது. அங்கே ஒரு விந்தை நிகழ்ந்தது. இந்திய மன்றங்கள் இத்தகு பெருவழக்கினைத் தாங்கா என இந்திய அரசே வாதிட்டது. அவை திறமுடையன என எதிர்த்தரப்பு வாதிட்டது. 1986ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் நீதிபதி கீனன் வழக்கினை இந்தியாவிற்கே திருப்பிவிட்டார். 1989இல் 47 கோடி தாலர் ஈட்டுத்தொகைக்கு இணக்கம் ஏற்பட்டது. கேடுற்றோரைக் கேளாமலே இணக்கம் கண்டமை குறித்து எழுந்த கண்டனம் சிறிதன்று. பிறர்க்காகப் பேசும் அரசு அப்பிறரின் குரலைத் தானே அடைத்துவிடவும் கூடும் என்னும் எச்சரிக்கையை இது தருகின்றது.

மற்றொன்று தமிழகத்திற்குப் பெருமை சேர்த்தது. சோழநாட்டுப் பத்தூரில் 1976ஆம் ஆண்டில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர் திருமேனி களவாக விற்கப்பட்டு, 1982இல் இலண்டனில் பம்பர் என்னும் கனடாக் குழுமத்தின் கைக்குச் சென்றது. அந்நகரக் காவலர் அதனைக் கைப்பற்றினர். திருமேனி யாருக்கு உரியது என்னும் வழக்கில் இந்திய ஒன்றியம், தமிழ்நாட்டு அரசு, கோயில் தக்கார், கோயில் என்னும் இவர்கள் உரிமை கோரினர். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சான்று கூறினார். சிதைந்து கிடந்த ஒரு கோயிலே ஆங்கில மன்றத்தில் வழக்காளியாகக் கூடுமா என்பதே முடிச்சு. இந்தியச் சட்டம் கோயிலைச் சட்டவழி ஆளாகக் கொள்வதால் ஆங்கில மன்றமும் அதனை ஏற்கலாம் என 1988ஆம் ஆண்டில் நீதிபதி கென்னடியும், 1991ஆம் ஆண்டு பெப்ருவரியில் மேல்முறையீட்டு மன்றமும் முடிவு கூறின. திருமேனி தாயகம் திரும்பியது.

இலண்டனில் 1793ஆம் ஆண்டில் உயிருள்ள ஒரு நவாபின் வழக்கு நிற்கவில்லை. இருநூறாண்டு நிறைவதற்குள் அதே நகரில் வாய்பேசாத கோயிலின் வழக்கு நின்று வென்றது. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்த மாற்றத்தினை இவ்வொப்புமை ஒன்றே உணர்த்தும். கோயிலுக்கு அரசு தோள் கொடுத்தது. அதன் குரலை விழுங்கவில்லை.

பேச இயலாத கோயிலுக்கு இங்ஙனம் துணை நின்ற அரசு, பேச இயலாத ஆற்றிற்கு என் செய்தது என்பது அடுத்த வினா. இலண்டன் தீர்ப்பு வந்த அதே 1991ஆம் ஆண்டிலேயே அவ்வினா வேலூரிலிருந்து எழுந்தது.

6. தோல் தொழிலும் பாலாறும்

பாலாறு கருநாடகத்து நந்திமலைப் பகுதியிலே தோன்றி, ஆந்திரத்துக் குப்பம் வழியாக வந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்துட் புகுகின்றது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர்; அதில் 222 கிலோமீட்டர் தமிழகத்தினுள் உள்ளது. மேலே நீர் அருகி மணலாகக் காட்சியளிப்பினும், மணலின்கீழ் ஊறும் நீரே கரையூர்களின் உழவிற்கும் குடிநீருக்கும் ஆதாரம்.

அந்நீரே தோல் தொழிலையும் வளர்த்தது. முற்காலத்தில் ஆவாரம்பட்டை முதலிய மரப்பட்டைகளால் தோலைப் பதப்படுத்தினர். அவ்வாறு அரைப்பதம் செய்த தோலே பெரும்பாலும் அயல்நாடு சென்றது. 1972ஆம் ஆண்டில் சீதாராமையா குழு, அரைப்பதத் தோலை அனுப்புவதைக் குறைத்து முழுப்பதத் தோலையும் தோற்பொருள்களையும் அனுப்புவதே நாட்டிற்கு நலம் எனப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டிலேயே நடுவணரசு அளவுக் கட்டுப்பாடு விதித்தது. குரோமிய உப்புகளைக் கொண்டு விரைவிற் பதனிடும் முறை பரவியது. அயல்நாட்டுச் செலாவணி பெருகியது. ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை கிட்டியது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் ஓடையிலும் ஏரியிலும் ஆற்றிலும் சேர்ந்தது.

இதனைக் குறிப்பாக உணர்தல் வேண்டும். தொழிலை இத்திசையில் திருப்பிவிட்டது அரசின் கொள்கையே. ஆதலின் பின்னர் வழக்கு எழுந்தபொழுது அரசு நடுநின்று பார்க்கும் மூன்றாம் ஆளாக இருத்தற்கு இயலவில்லை. ஒரு கையால் தொழிலை ஊக்கிய அரசே மறு கையால் அதனை அடக்கவும் கடமைப்பட்டிருந்தது. 1974ஆம் ஆண்டு நீர்மாசுத் தடுப்புச் சட்டம், 1982இல் அமைந்த தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாடு வாரியம், 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் ஆகியன அக்கடமையின் கருவிகள். 1989ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாளிட்ட 213ஆம் எண் அரசாணை, குறிப்பிட்ட ஆறுகளிலிருந்தும் நீர்நிலைகளிலிருந்தும் ஒரு கிலோமீட்டர் எல்லைக்குள் மிகுமாசு தரும் தொழில்கள் எழுதலைத் தடுத்தது. கருவிகள் இருந்தன. அவற்றை எடுத்து ஆளுதலே குறைந்தது.

7. வேலூர் வழக்கு

1991ஆம் ஆண்டில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம், அரசியலமைப்பின் 32ஆம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்தில் நேரே பொதுநல வழக்குத் தொடுத்தது. மன்றத்தின் சார்பில் எம். சி. மேத்தா வாதிட்டார். இது நீதிப்பேராணை வழக்காதலின் உரிமையியற் சட்டத்து இரு திங்கள் அறிவிப்பு இதற்குத் தேவைப்படவில்லை. ஆயினும் அரசு எவ்வாறு வழக்காடவேண்டும் என்னும் அடிப்படை இங்கும் அதுவே.

இவ்வழக்கில் அரசு முன்வைத்த உறுதியுரை நம் ஆய்விற்கு இன்றியமையாதது. வடஆர்க்காடு உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களில் 584 பதனிடும் ஆலைகள் உள்ளன என்றும், அவற்றுள் 443 ஆலைகள் வாரியத்தின் இசைவு வேண்டி விண்ணப்பித்தன என்றும், கழிவுநீரைத் தூய்மை செய்யும் அமைப்புகளை நிறுவ 1985ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் வரை தவணை தரப்பட்டது என்றும், 33 ஆலைகளே அவற்றை நிறுவின என்றும் அவ்வுறுதியுரை கூறியது. தன் முயற்சியைக் காட்டுதற்கு அரசு இவ்வெண்களை அடுக்கியது. ஆனால் வாதி மெய்ப்பிக்க வேண்டியதனை அவையே மெய்ப்பித்தன. தவணை முடிந்து பல்லாண்டு சென்றும் 584இல் 33 என்பது, சிலம்பினின்று தெறித்த மணி போன்ற சான்றாயிற்று. எதிர்வாதியின் வாயுரையே வாதிக்குச் சான்றாதல் வழக்கு வரலாற்றில் அரிதன்று. அரசே அவ்வாறு சான்றளித்தமைதான் இங்குச் சிறப்பு.

உண்மையை மறையாது எண்ணிக்கையுடன் வைத்தமை பற்றி அரசின் வழக்குரையை நாம் முற்றிலும் குறைகூறுதற்கில்லை. மறைத்திருப்பின் வழக்கு இன்னும் நீண்டிருக்கும். குறை வேறோரிடத்தில் உள்ளது. உண்மையைக் கூறிய அரசு, அவ்வுண்மை வேண்டிநின்ற தீர்வைத் தானாக முன்மொழியவில்லை. சுற்றுச்சூழல் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி அதிகார அமைப்பு ஒன்றினை ஏற்படுத்தும் ஆற்றல் நடுவணரசுக்கு 1986 முதலே இருந்தும், இப்பகுதிக்கென அஃது அமைக்கப்படவில்லை.

1996ஆம் ஆண்டு ஆகத்து 28ஆம் நாள் நீதிபதி குல்தீப்சிங்கு தலைமையிலான ஆயம் தீர்ப்பளித்தது. தோல் தொழிலின் சிறப்பினையும் அதன் செலாவணி ஈட்டத்தையும் மன்றம் மறுக்கவில்லை. ஆயினும் நிலத்தையும் நீரையும் அழித்து வாழும் உரிமை எத்தொழிலுக்கும் இல்லை என்றது. நீடித்த வளர்ச்சி, முன்னெச்சரிக்கை, மாசு செய்தவரே ஈடு செய்தல் ஆகிய கொள்கைகள் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என அறிவித்தது. தீங்கில்லை என்பதனை மெய்ப்பிக்கும் சுமை தொழில் நடத்துவோரையே சாரும் எனவும் கூறியது. ஆலை ஒன்றுக்குப் பதினாயிரம் உருபா தண்டம் விதித்தது. ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் அதிகார அமைப்பினை நிறுவுமாறு நடுவணரசைப் பணித்தது. 213ஆம் அரசாணையை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. மேற்கொண்டு கண்காணிக்கும் பொறுப்பைச் சென்னை உயர்நீதிமன்றத்தின் பசுமை ஆயத்திடம் ஒப்படைத்தது.

இறுதியில் மன்றம் இட்ட ஓராணை சிறியதாயினும் பொருள் பொதிந்தது. வாதியின் வழக்கறிஞர்க்கு ஐம்பதாயிரம் உருபாவைத் தமிழ்நாட்டு அரசு செலுத்துதல் வேண்டும் என்பது அது. தொகை பெரிதன்று. ஆயினும் பாலாற்றிற்காக அந்த அவையில் வழக்குரைத்தவர் அரசால் அமர்த்தப்பட்டவர் அல்லர் என்பதனையும், அரசு செய்திருக்கவேண்டிய பணியையே அவர் செய்தார் என்பதனையும் இவ்வாணை உணர்த்துவதாக நாம் கொள்கின்றோம்.

8. தீர்ப்பின் பின்

1996ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் சூழலிழப்பு அதிகார அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. 2001ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் அது தன் முடிவினை வெளியிட்டது. வேலூர் மாவட்டத்தில் 547 ஆலைகளால் 29,193 பேர் இழப்புற்றனர் என்றும், 15,164.96 எக்டேர் நிலம் கேடுற்றது என்றும் கணித்து, ஏறத்தாழ 26.82 கோடி உருபா ஈடாக வழங்கப் பணித்தது. 2009ஆம் ஆண்டிலும் ஒரு முடிவு வெளிவந்தது. ஆயினும் ஈட்டுத்தொகையும் மாசுத்தடுப்பும் நிறைவுறவில்லை. வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகியது. அதன் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பின்மேல் எழுந்த மேல்முறையீடுகளை 2025ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. ஈடு பெறாதார்க்கு அரசே முதலிற் கொடுத்து, பின்னர் மாசு செய்தாரிடம் தண்டிக்கொள்க என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி. கண்காணிப்பிற்குக் குழு ஒன்றும் அமைக்கப் பணித்தது. 2019ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தமையால், இவ்வாணை இன்று மூன்று மாவட்ட ஆட்சியையும் சார்வதாயிற்று.

‘அரசு முதலிற் கொடுக்க’ என்பதன் பொருளை நாம் ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். இழப்புற்ற உழவர் தனித்தனியே ஆலைகளோடு வழக்காடி ஈடு பெறுதல் அரிது. அச்சுமையை அரசின் தோளுக்கு மன்றம் மாற்றியது. ஆலைகளிடம் தண்டுதற்குரிய வழக்கினை இனி அரசே நடத்தவேண்டும். எதிர்வாதியாக நின்ற அரசு உழவர்க்காக வாதியாகும் நிலை இங்ஙனம் எய்தப்பட்டது.

இவ்விடத்துப் பிறிதொரு வழக்கினையும் ஒப்புநோக்குதல் தகும். ஆந்திர அரசு குப்பத்தை அடுத்த கணேசபுரத்திற் பாலாற்றின் குறுக்கே அணைகட்ட முற்பட்டபொழுது, 2006ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு உச்ச நீதிமன்றத்தில் 131ஆம் உறுப்பின்கீழ் நேர்வழக்குத் தொடுத்தது. 1892ஆம் ஆண்டுச் சென்னை, மைசூர் உடன்பாட்டின் அட்டவணையிற் பாலாறும் இடம்பெறுதல் அதன் வாதங்களுக்கு அரணாயிற்று. அங்கே அரசு பாலாற்றின் வாதி. ஆறு ஒன்று, அரசும் ஒன்று. நீரின் அளவு குறையும் என அஞ்சியபொழுது அரசு தானே மன்றம் ஏறியது. நீரின் தன்மை கெட்டபொழுது மன்றத்திற்கு இழுக்கப்பட்டது. முன்னதில் தீங்கு செய்வோர் அண்டை மாநிலத்தார். பின்னதில் நம் தொழிலும் நம் கொள்கையும். பிறர் தவற்றினை எடுத்துரைத்தல் எளிது. தன் தவற்றின்மேல் தானே வழக்குரைத்தல் அரிது என்பதனை அரசுக்கும் பொருத்திக் காண இவ்வொப்புமை இடந்தருகின்றது.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். முதலாவது, நவாபின் வழக்கிலும் தஞ்சை வழக்கிலும் அரசின் வழக்குரை, கேள்விக்கு விடை கூறாமல் கேட்கும் உரிமையையே மறுத்தது. இரண்டாவது, 1861 முதல் 1908 வரையிலான தீர்ப்புகளும் சட்டங்களும் அரசினைப் பிறரைப்போன்ற வழக்காளியாக்கின. அதில் சென்னை உயர்நீதிமன்றத்தின் 1882ஆம் ஆண்டுத் தீர்ப்பிற்குத் தனியிடம் உண்டு. மூன்றாவது, போபால் வழக்கும் பத்தூர் வழக்கும் பிறர்க்காகப் பேசும் அரசின் இரு முகங்களைக் காட்டின; சார்பாகப் பேசுதல் வேறு, குரலைக் கைக்கொள்ளுதல் வேறு. நான்காவது, வேலூர் வழக்கில் அம்மூன்றாம் நிலைக்கு அரசு தானாக வரவில்லை; குடிமக்கள் மன்றமும் நீதிமன்றமும் சேர்ந்து 1991 முதல் 2025 வரை அதனை அந்நிலைக்கு ஈர்த்தன.

ஒருவர் வினவலாம்: அரசு வழக்குரைஞர் தம் கட்சிக்காரராகிய அரசினைக் காத்தல் கடமையன்றோ? ஆம்; கடமையே. ஆனால் அக்கட்சிக்காரர் யார் என்பதில்தான் வேறுபாடு. கும்பினிக் காலத்தில் அக்கட்சிக்காரர் பங்குதாரர் குழு; முடியரசுக் காலத்தில் பேரரசு; குடியரசுக் காலத்திலோ ஆம்பூரிற் கிணற்றுநீர் உப்பாகிப்போன உழவரும், ஆலையில் வேலை செய்து வாழும் தொழிலாளரும் ஆகிய இருவருமே. இவ்விருவர் நலனும் முரண்படுங்கால் இணக்க வழியினைத் தேடி மன்றத்தின்முன் வைக்கவேண்டியவர் அரசு வழக்குரைஞரே. அப்பணியை மாற்றார் செய்யும்வரை காத்திருத்தல் தகாது. 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி ஈட்டுத்தொகை உரியவர்க்குச் சென்று சேர்தலும், மாசு செய்தாரிடம் அஃது உண்மையிலே தண்டப்படுதலும் இனி அரசின் வழக்குரைத் திறத்தினைச் சார்ந்தனவாகும். இவ்வழக்கின் எஞ்சிய வரலாறு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக் கோப்புகளில் எழுதப்பட வேண்டியதாக உள்ளது.